பங்களாப் படமும் லயத்துப் படமும்

வரலாற்றுச் சான்றுகளைப் பற்றிப் பேசப் புகுவோர் கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி என்ற அளவில் நின்றுவிடுவதே வழக்கம். கடாரத்தைப் பற்றி எழுதுவோர்க்கு இது மேலும் இயல்பாகிவிடுகின்றது. இராசேந்திர சோழன் கடாரங் கொண்ட செய்தியைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு கூறுகின்றது. பூஜாங் பள்ளத்தாக்கில் குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் 1936, 1937-ஆம் ஆண்டுகளில் அகழ்ந்து கண்ட சண்டிகளின் அடித்தளங்கள் அதற்கும் முற்பட்ட காலத்தைக் காட்டுகின்றன. ஆயின், அதே கெடா மண்ணில் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் ரப்பர் மரங்களுக்கிடையே வாழ்ந்த தமிழர் கல்லில் எதனையும் பொறித்து வைத்தாரல்லர். அவர்கள் விட்டுச்சென்ற சான்று தகரப் பெட்டியின் அடியிலும், சாமிப் படங்களுக்குப் பக்கத்துச் சுவரிலும் மங்கிக்கொண்டிருக்கும் புகைப்படங்களேயாகும்.

1909-ஆம் ஆண்டு ஆங்கிலேயரும் சயாமும் செய்துகொண்ட உடன்படிக்கையால் கெடா ஆங்கிலேயரின் பாதுகாப்பின்கீழ் வந்தது. ரப்பர் விலை உச்சத்தில் இருந்த காலம் அது. கூலிம், சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் காடுகள் விரைந்து தோட்டங்களாயின. எளிதிற் கையாளத்தக்க பெட்டிக் கேமராக்கள் 1900-ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்துவிட்டமையால், தோட்டத் துரைமார் தம் வாழ்க்கையைத் தாமே படமெடுத்து ஊருக்கு அனுப்பினர். மேட்டின்மேல் நிற்கும் மரப் பங்களா, அகன்ற தாழ்வாரம், பிரம்பு நாற்காலிகள், காலடியில் நாய் என்பன அப்படங்களில் மீண்டும் மீண்டும் வருவன. விடுமுறை வந்தால் பினாங்கு. 1885-இல் தொடங்கப்பெற்ற கடலோர ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஓட்டலும், 1923-இல் மலைரயில் ஏறத் தொடங்கிய பினாங்கு மலையின் குளிர்ந்த பங்களாக்களும் அவர்களது ஓய்வுக்கு இடமளித்தன. கடற்காற்றும் வெள்ளுடையுமாக எடுத்த அப்படங்களின் ஓரத்தில், தட்டு ஏந்திய சமையற்காரரோ, வெள்ளைக் குழந்தையை இடுப்பில் வைத்த ஆயாவோ நிற்பதுண்டு. துரையின் பெயரும் துரைசானியின் பெயரும் படத்தின்கீழ் இருக்கும். ஆயாவின் பெயர் இருப்பது அரிது.

இத்தகைய படங்கள் பல நன்கு பாதுகாக்கப்பட்டுள்ளன என்பதையும் சொல்ல வேண்டும். மலாயாவில் பணியாற்றித் திரும்பிய ஆங்கிலேயர் அமைப்பொன்று தன் உறுப்பினர்களின் ஏடுகளையும் படத்தொகுப்புகளையும் திரட்டி அரச காமன்வெல்த் கழக நூலகத்தில் வைத்தது. அந்நூலகம் 1993-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அங்கே குளிரூட்டிய அறையில் பட்டியலிட்ட பெட்டிகளுக்குள் ஒரு தலைமுறையின் பங்களா வாழ்க்கை உறங்குகின்றது.

அதே பினாங்குக் கடலைத் தமிழ்த் தொழிலாளர் வேறு விதமாகவே முதலிற் கண்டனர். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறியவர்கள் பினாங்கை நெருங்கியதும் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடைக் காவலில் வைக்கப்பட்டு, நாட்கள் சில கழிந்தபின் கங்காணியோடு அக்கரைத் தோட்டங்களுக்குப் புறப்பட்டனர். அந்த முதல் நாட்களைத் தம் குடும்பத்துக்கென எவரும் படமெடுத்து வைத்ததில்லை. கேமரா அவர்கள் கையில் இல்லை. அக்காலத்துத் தமிழர் உருவம் அச்சில் ஏறியதெல்லாம் பெரும்பாலும் அஞ்சலட்டைகளில்தான். காதணியும் மூக்குத்தியும் தெரிய ஒரு பெண்ணை நிறுத்திப் படமெடுத்து, கீழே அவள் இனப்பெயரை மட்டும் அச்சிட்டு விற்றனர்.

தொழிலாளர் தாமே காசு கொடுத்துப் படமெடுத்துக்கொள்ளும் காலம் பின்னர் வந்தது. தீபாவளிக்கோ தைப்பூசத்துக்கோ பட்டணம் சென்ற குடும்பம், புதுத்துணி கசங்குமுன் ஸ்டூடியோவில் ஏறி இறங்கியது. ஒரு படி வீட்டுச் சுவருக்கு. மற்றொன்று கடிதத்தோடு தமிழ்நாட்டு ஊருக்கு. ‘நாங்கள் நலமாக இருக்கிறோம்’ என்பதற்கு அப்படமே சாட்சி. அப்படங்களில் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பின்னணித் திரையில் தூண்களும் படிக்கட்டும் கைப்பிடிச் சுவரும் பூந்தொட்டியுமாக ஒரு பங்களா தீட்டப்பட்டிருக்கும். சிலவற்றில் கடலும் பாய்மரக் கப்பலும் இருக்கும். மெய்யான பங்களாவின் தாழ்வாரத்தில் ஏற உரிமையில்லாத பால்வெட்டுத் தொழிலாளி, துணியில் வரைந்த பங்களாவின் முன் கைக்கடிகாரம் தெரிய நின்றார். இதனை நகைப்புக்குரிய ஆடம்பரமாகக் கருதுவது பிழை. தம்மை எவ்வாறு காண வேண்டும் என்று அவர்களே முடிவு செய்த முதல் தருணம் அதுவே.

ஸ்டூடியோ ஏறாதவரும் படத்துக்கு நிற்க நேர்ந்த ஆண்டு 1948. அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்ட அவ்வாண்டில், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமாயிற்று. தோட்டத்து முதியோர் பலருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அதுதான். கண்காணிப்பதற்காக அரசு எடுத்த சின்னஞ்சிறு படம், அவர் மறைந்தபின் பெரிதாக்கப்பட்டு, பொட்டிட்டு, மாலை சூட்டப்பட்டுக் குடும்பத்தின் குலச்சின்னமாயிற்று. அட்டைக்கெனத் திகைத்து விழித்த அந்தக் கண்களே இன்றும் பல வீடுகளின் சுவர்களிலிருந்து நோக்குகின்றன.

அதற்கும் முன் போனவர்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களிற் பெரும்பான்மையோர் தோட்டத் தமிழர். திரும்பாதவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறை இல்லை. அவர்களில் ஒருவரது போருக்கு முந்திய படம் ஒரு வீட்டில் எஞ்சியிருக்குமாயின், அக்குடும்பத்துக்கு அதுவே சமாதி. அந்தப் படம் மங்குவதை வெறும் தாள் மங்குவதாக எப்படிக் கொள்வது?

படம் ஏன் மங்குகின்றது? கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவமாகத் தெரிவது ஜெலட்டின் படலத்தில் பதிந்த வெள்ளித் துகள்கள். படத்தைக் கழுவும்போது ஹைப்போக் கரைசல் முற்றும் நீங்காவிடின், எஞ்சியது வெள்ளியை மெல்ல அரித்து மஞ்சளாக்கும். அவசரமாக வேலை முடித்த ஸ்டூடியோக்களின் படங்கள் முதலில் வெளிறுவதற்குக் காரணம் இதுவே. அடுத்தது காற்றின் ஈரம். காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு 65-ஐக் கடந்தால் பூஞ்சணம் வளரத் தொடங்கும். நம் நாட்டில் அது ஆண்டு முழுவதும் 80-ஐ ஒட்டியே நிற்கின்றது. ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். காற்றிலுள்ள மாசு படத்தின் ஓரத்து வெள்ளியை மேலே இழுத்துவந்து, ரசம் பூசியதுபோல் நீலமாக மின்னச் செய்யும். சாமி மேடையருகே மாட்டிய படத்துக்குக் கற்பூரப் புகையும் சேர்கின்றது. கரையானும் வெள்ளிப்பூச்சியும் சொல்லாமலே விளங்கும்.

மனிதர் செய்த கேடும் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், ரப்பர் அழிந்து செம்பனை ஆகியும், பின்னர் வீடமைப்புப் பகுதிகளாகியும் மாறியபோது, லயங்களிலிருந்து மக்கள் பட்டணத்துக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தனர். பானையையும் பாயையும் எடுத்துக்கொண்டவர்கள் பழைய பெட்டியை விட்டுச் சென்றதுண்டு. இழவுப் படங்களை அமங்கலம் என்று கிழித்தெறிவது மற்றொரு வழக்கம். பாடையைச் சூழ்ந்து உறவினர் அனைவரும் ஒருசேர நிற்கும் படம் வேறு எந்நாளும் எடுக்கப்படாது. குடிவழி ஆராய்வோனுக்கு அதனினும் சிறந்த ஆவணம் கிடைப்பது அரிதன்றோ?

பாதுகாக்கும் முறைகள் கடினமானவையல்ல. படங்களை விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து எடுத்தல் வேண்டும். அமிலம் நீக்கிய தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைத்து, சமையலறையும் வெளிச்சுவரும் அல்லாத இடத்தில் வைத்தல் நன்று. கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டுவது பெருந்தீங்கு. அதன் பசை சில ஆண்டுகளில் பழுத்துப் படத்துக்குள் இறங்கிவிடும். பிளாஸ்டிக் உறையிட்டுச் சூட்டில் ஒட்டுவதும் அத்தகையதே. கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிரிக்க முயலாமல், கண்ணாடியின் மேலிருந்தே மறுபடம் எடுப்பது அறிவுடைமை. 2010 நவம்பரில் அலோர் ஸ்டாரைச் சூழ்ந்தது போன்ற வெள்ளத்தில் நனைந்த படங்களை ஒன்றோடொன்று ஒட்டிய நிலையில் காயவிடலாகாது. தூய நீரில் நனைத்தவாறே மெல்லப் பிரித்து, முகம் மேலாகத் துணியில் விரித்து உலர்த்த வேண்டும்.

இவையனைத்தையும் செய்து பெயரை எழுதாமல் விட்டால் பாதி வேலை வீணாகும். பெயரற்ற படம் அஞ்சலட்டைப் படத்தின் நிலைக்கே திரும்பிவிடுகின்றது. படத்தின் பின்புறம், ஓரமாக, மென்மையான பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை ஊறி முன்புறம் தெரியும். இடமிருந்து வலமாக யார் யார், எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, பட்டப்பெயர் என்ன என்பன கேட்டெழுதத் தக்கவை. பட்டப்பெயரை இழிவென்று விடுதல் கூடாது. லயத்தில் ஒருவரை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் அதுவே.

இதில் தமிழ்ப்பள்ளிகளுக்குத் தனிப்பட்ட வசதி ஒன்றுண்டு. ஆண்டுதோறும் எடுத்த வகுப்புப் படங்கள் பள்ளிச் சுவரிலோ அலமாரியிலோ இருக்கும். மாணவர் பெயர், தந்தை பெயர், பிறந்த நாள் ஆகியவற்றைக் கொண்ட சேர்க்கைப் பதிவேடு அதே பள்ளியில் இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்து, அவ்வகுப்பில் பயின்ற முதியவர் ஒருவரை அழைத்து அமர்த்தினால், முகங்கள் ஒவ்வொன்றாகப் பெயர் பெறும். தோட்டம் அழிந்து பள்ளி இடம் பெயர்ந்த இடங்களில் பதிவேடு வந்து சேர்ந்ததா என்பதை முதலில் உறுதி செய்தல் நலம்.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிச் சென்று குடும்பப் படங்களைப் படியெடுக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு செய்துள்ளது. நம் நாட்டில் 1957-இல் தோன்றிய தேசிய ஆவணக் காப்பகம் தனியார் தரும் ஆவணங்களையும் ஏற்கின்றது. அதன் கிளை அலோர் ஸ்டாரிலேயே உள்ளது. படி எதற்கு என்பார்க்குப் பூஜாங் பள்ளத்தாக்கே விடை தரும். அங்கே பதினோராம் எண் சண்டி நிலத்தைச் சீர்செய்த இயந்திரங்களால் இடிக்கப்பட்ட செய்தி 2013-இல் வெளிவந்தது. ஆயிரம் ஆண்டு நின்ற கல்லுக்கே அந்நிலை.

எந்தப் படத்தை முதலில் எடுப்பது என்பதில் மட்டும் பலர் தடுமாறுகின்றனர். முப்பாட்டன் படமே மூத்தது, ஆதலால் அதுவே முதலில் என்பர். மெய்ந்நிலை வேறு. 1970, 1980-களின் வண்ணப் படங்கள் வெள்ளியால் ஆனவையல்ல, சாயத்தால் ஆனவை. இருட்டில் மூடி வைத்தாலும் அவற்றின் நீலச்சாயம் முதலில் தேய்ந்து படம் முழுதும் செம்மை படரும். அக்காலத்தில் பரவிய பசை ஆல்பங்களில் ஒட்டியவற்றுக்குக் கேடு இன்னும் விரைவு. நன்கு கழுவிய 1948-ஆம் ஆண்டு அட்டைப் படம் மேலும் சில காலம் பொறுத்திருக்கும். லயத்தை இடிப்பதற்குமுன் கோயில் திருவிழாவில் தோட்டமே கூடி நின்று எடுத்த கடைசி வண்ணப் படம் அவ்வளவு காலம் பொறுக்காது.