நாயனத்தை உட்கார வைத்தவர்

போன வைகாசியில் திருநள்ளாறு பக்கத்தில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். இரண்டு நாயனம், இரண்டு தவில். வித்வான்கள் மேடையில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து வாசித்தார்கள். நடுவில் ஒரு மின்சாரச் சுருதிப் பெட்டி. "ஒத்துக்காரர் வரவில்லையா?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த பேரன், "ஒத்துன்னா என்ன தாத்தா?" என்றான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஒத்து பார்ப்பதற்கு நாயனம் போலவே இருக்கும். ஆனால் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் கிடையாது. ஒரே சுரம், ஆதார சட்ஜம் மட்டும். மற்றவர்கள் வாசித்தாலும் ஓய்ந்தாலும் ஒத்துக்காரர் ஓயக்கூடாது. கன்னத்தில் காற்றை அடக்கிக்கொண்டு, மூக்கால் மூச்சை இழுத்து, மணிக்கணக்கில் ஊதுவார். சிறு வயதில் மாங்கனித் திருவிழா ஊர்வலத்தில் நான் நாயனக்காரரைப் பார்த்ததைவிட அவருடைய உப்பிய கன்னத்தைப் பார்த்து நின்றதே அதிகம்.

அந்தக் காலத்தில் வழக்கில் இருந்தது திமிரி நாயனம். குட்டையானது, சுருதி 4, 5 கட்டை வரை போகும். சுவாமி புறப்பாட்டின்போது நாலு வீதி தாண்டிக் கேட்க அந்த உச்சம் வேண்டியிருந்தது. ஆனால் அதில் இரண்டு சங்கடம். மூடிய கூடத்தில் காதைத் துளைக்கும். சுத்த மத்தியமமும் சரியாக நிற்காமல் பிரதி மத்தியமத்தின் பக்கம் சாயும். வாசிப்பவர்கள் உதட்டாலும் மூச்சாலும் அதைச் சரிக்கட்டிக்கொண்டு போனார்கள்.

இதை மாற்றியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. 1898-இல் பிறந்தவர். அவரை வளர்த்த தாய்மாமன் நமக்கு அடுத்த திருமருகல் நடேச பிள்ளை. பிள்ளையவர்கள் முதலில் கற்றது வாய்ப்பாட்டு, பிறகுதான் நாயனம். தொண்டையில் பாடக் கூடியதெல்லாம் குழலிலும் வரவேண்டும் என்ற பிடிவாதம் அங்கிருந்து வந்திருக்க வேண்டும்.

அவருக்குக் கைகொடுத்தவர் பக்கத்து ஊரான நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. ஆச்சா மரத்தைக் கடைந்து உலவை நீட்டி, துளைகளின் இடத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, சுத்த மத்தியமம் சுத்தமாகப் பேசும் பாரி நாயனத்தைச் செய்து கொடுத்தார். நீளம் இரண்டரை அடிக்கு மேல். சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது. கூர்மை போய்க் கனம் வந்தது. அந்தக் குழலில் பிள்ளையவர்கள் தோடியை மணிக்கணக்கில் ஆலாபனை செய்தார். பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடமே ஓடும் பழைய இசைத்தட்டில் அடங்கிய தோடியே இன்றும் பெயர் சொல்கிறது என்றால், நேரில் கேட்டவர்கள் கொடுத்து வைத்தவர்கள். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு நாயனத்துக்குச் சொல்லித் தந்த சொல் 'ஓபுவா'. 'ஓ' என்றால் உயர்ந்த, உரத்த. 'புவா' என்றால் மரம். அதாவது உரத்த மரம். அந்த வாத்தியமும் ஒரு காலத்தில் திறந்த வெளியில் ஊர்வலத்தில் ஊதியதுதான். 17-ஆம் நூற்றாண்டில் பதினான்காம் லூயி அரசவையைச் சேர்ந்த வாத்தியக் குடும்பங்கள் அதன் உடலைத் திருத்தி, ஒலியை அடக்கி, வயலினோடு கூடத்துக்குள் உட்காரச் செய்தார்கள். அங்கே ராஜசபையின் ஆதரவில் நடந்த வேலையை, இங்கே ஒரு வித்வானும் ஒரு ஆசாரியும் சேர்ந்து செய்தார்கள்.

குழல் உட்கார்ந்தது, வாசித்தவரும் உட்கார்ந்தார். அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதுவரை நாயனக்காரர் என்றால் வெற்றுடம்போடு, துண்டை இடுப்பில் கட்டி, பெரிய மனிதர்கள் முன்னால் நின்று வாசிக்க வேண்டியவர். பிள்ளையவர்கள் குடுமியை எடுத்து கிராப்பு வைத்தார். ஜிப்பாவும் ஷெர்வானியும் போட்டார். பாட்டுக் கச்சேரி செய்பவர்களைப் போல மேடையில் அமர்ந்து, தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டு வாசித்தார். கர்வி என்றார்கள். கலைக்கு உரிய மரியாதையைக் கேட்பவரை உலகம் அப்படித்தான் சொல்லும்.

1940-இல் 'கவி காளமேகம்' படத்தில் அவரே கதாநாயகன். இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். எழுத்துப் பணி பாரதிதாசனுடையது. 1909-இல் நம் நிரவியில் வாத்தியாராக வேலைக்குச் சேர்ந்தவர்தான். காளமேகம் அறம் பாடி மண்மாரி பொழிந்ததாகச் சொல்லும் ஊரோ நம் திருமலைராயன்பட்டினம். 1947 ஆகஸ்ட் 14 அன்று டில்லியில் நேருவின் இல்லத்தில் ஒலித்ததும் பிள்ளையவர்களின் நாயனமே. அன்று காரைக்காலில் பறந்தது பிரெஞ்சுக் கொடி. நமக்கு அந்த நாள் 1954 நவம்பர் 1-இல் வந்தது. 1956 டிசம்பர் 12-இல் அவர் மறைந்தார். நரசிங்கம்பேட்டை நாயனத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இத்தனை நல்லதில் ஒரு நஷ்டமும் உண்டு. தம்புரா வந்ததும் ஒத்துக்கு வேலை குறைந்தது. சுருதிப் பெட்டி வந்ததும் அடியோடு போயிற்று. வித்வான் மேடை ஏறியபோது கூடவே நின்ற ஒத்துக்காரருக்கு அங்கே இடம் இல்லை. அவருடைய பெயரை அன்றும் யாரும் கேட்டதில்லை.

அன்று கல்யாணத்தில் முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் மின்சாரம் போயிற்று. சுருதிப் பெட்டி ஓய்ந்தது. பெரியவர் ஆலாபனையை நிறுத்தவில்லை. இரண்டாம் நாயனக்காரர் யாரும் சொல்லாமலே சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு, கன்னம் உப்ப, விடாமல் ஊதினார். மின்சாரம் வரும்வரை அவர் நிறுத்தவில்லை.

"இதுதானா தாத்தா ஒத்து?" என்றான் பேரன்.

"இதுதான்" என்றேன்.