மூன்று தொட்டிகளிலிருந்து ஒரு பெட்டிக்கு

டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முறையை கேரி மல்லிஸ் 1983இல் கண்டபோது அதற்கென்று கருவி எதுவும் இல்லை. கலிபோர்னியாவின் எமரிவில் நகரில் இருந்த சீட்டஸ் நிறுவனத்தில், டிஎன்ஏ குழாய்களை ஒரு வெந்நீர்த் தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு, கடிகாரத்தைப் பார்த்தபடி கையாலேயே மாற்றினார்கள். ஒவ்வொரு சுற்றின் சூட்டிலும் நகலெடுக்கும் நொதி செத்துவிடும்; மறுபடி புதிதாகச் சேர்க்க வேண்டும்.

அந்தத் தொல்லையைத் தீர்த்தது ஒரு பாக்டீரியா. 1960களில் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் தாமஸ் பிராக் குழுவினர் கண்டெடுத்த தெர்மஸ் அக்வாடிகஸின் நொதி, 95 டிகிரி சூட்டையும் தாங்கியது. வெந்நீர் ஊற்றுகளில் உயிர்கள் எப்படி வாழ்கின்றன என்ற ஆர்வம்தான் பிராக்கை அங்கே இழுத்தது. பயன் கருதாத ஆராய்ச்சிக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

1987இல் பெர்கின் எல்மர் சீட்டஸின் குழாய்களின் சூட்டைத் தானே மாற்றும் தெர்மல் சைக்கிளர் என்ற பெட்டி சந்தைக்கு வந்தது. ஆனாலும் நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் பிரைமர் என்ற சிறு துண்டு டிஎன்ஏவில் சரியாக ஒட்டும் வெப்பநிலையைக் கண்டறிய, கருவியைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டியிருந்தது. 1990களில் வந்த கிரேடியன்ட் சைக்கிளர் அதை மாற்றியது. உலோகத் தட்டின் ஒரு முனை 50 டிகிரி, மறுமுனை 65 டிகிரி, இடையில் படிப்படியான சூடு. ஒரே ஓட்டத்தில் விடை தெரிந்துவிடும்.

மல்லிஸ் 1993இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தப் பெட்டியை உருவாக்கிய பொறியாளர்களின் பெயர்களுக்கும் நம் பாடநூல்களில் இடம் வேண்டும்.