கெதிவின் கடனும் பேரரசரின் மறுப்பும்

2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை அரசு தன் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அன்று மாலை எங்கள் டீம் மீட்டிங்கில் வழக்கம்போல ஏழு சதுரங்கள் திரையில் தெரிந்தன, கொழும்பிலிருந்து வரும் சதுரம் மட்டும் இருட்டாக இருந்தது. கரண்ட் இல்லை, மொபைல் டேட்டாவில் குரல் மட்டும் வந்தது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், கொழும்பில் வேலை. மீட்டிங் முடிந்து மற்றவர்கள் போனபிறகு, அம்மா காஸ் சிலிண்டருக்காக வரிசையில் நின்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பெரிய மேதாவி மாதிரி, "இவ்வளவு கடன் வாங்கினதுதானே அண்ணா தப்பு?" என்று கேட்டுவிட்டேன்.

"கடன் வாங்கினது பிழை இல்லைத் தம்பி. ஆர் வாங்கினது, ஆர் கட்டுறது எண்டதைப் பார்" என்றார். அதோடு லைன் போய்விட்டது.

அந்தக் கேள்வியை நான் கேட்டதே அபத்தம். என் இன்ஜினியரிங் படிப்பு பாங்க் கடனிலும், அடகுக்குப் போன அம்மாவின் சங்கிலியிலும் முடிந்தது. 'கடன் இல்லாத கஞ்சி கால் வயிறு போதும்' என்று வாழ்நாளெல்லாம் சொல்லிவந்த அப்பாதான் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். கடன் கெடுதல் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் ஒரு குடும்பத்துக்குச் சரியாக இருந்த கணக்கு ஒரு நாட்டுக்கும் சரியாக இருக்குமா? அதைத் தேடிப் படிக்க ஆரம்பித்து, கொழும்பிலிருந்து வெகுதூரம் விலகி, 19-ஆம் நூற்றாண்டின் கெய்ரோவில் போய் நின்றேன். எகிப்தும் கடனை நிறுத்தியது ஓர் ஏப்ரல் மாதத்தில்தான். ஆண்டு 1876.

*

எகிப்து அப்போது பெயரளவில் உதுமானியப் பேரரசின் ஒரு மாகாணம். ஆட்சியாளர் செய்யித் பாஷா 1854-இல் பிரெஞ்சுக்காரர் ஃபெர்டினாண்ட் டி லெசெப்ஸுக்கு சூயஸ் கால்வாய் வெட்ட உரிமை கொடுத்தார். லெசெப்ஸ் மற்ற நாடுகளுக்கென்று ஒதுக்கிய பங்குகள் விலைபோகவில்லை. அவற்றைச் செய்யித் தலையில் கட்டினார்கள். மொத்தம் நான்கு லட்சம் பங்குகளில் சுமார் ஒரு லட்சத்து எழுபத்தேழாயிரம் எகிப்தின் கணக்கில் வந்து விழுந்தது. எகிப்தின் முதல் வெளிநாட்டுக் கடன் 1862-இல் வாங்கப்பட்டது. அடுத்த ஆண்டு செய்யித் இறந்து இஸ்மாயில் பதவிக்கு வந்தபோது, அந்தக் கடன் சுமார் மூன்று மில்லியன் பவுண்டு.

இஸ்மாயிலை ஊதாரி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது பிரிட்டிஷ் ஆவணங்களின் பழக்கம். அது முழு உண்மை அல்ல. அவர் வந்த நேரம் அப்படி. அமெரிக்க உள்நாட்டுப் போரால் (1861-65) லங்காஷயர் ஆலைகளுக்குப் பருத்தி கிடைக்கவில்லை. எகிப்தியப் பருத்தியின் விலை மூன்று நான்கு மடங்கு ஏறியது. கையில் காசு புரண்டது. விலை இப்படியே இருக்கும் என்று நம்பிப் போட்ட திட்டங்கள் அவருடையவை. (ஐடி கம்பெனிகள் 2021-இல் ஆள் எடுத்த வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த மனநிலை புரியும்.) 1865-இல் போர் முடிந்தது, பருத்தி விலை இறங்கியது. திட்டங்கள் இறங்கவில்லை.

அவர் கட்டியதும் சாதாரணமல்ல. நானூறு சொச்சம் கிலோமீட்டராக இருந்த ரயில் பாதை ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டரைத் தாண்டியது. பாசனக் கால்வாய்கள், தந்திக் கம்பிகள், அலெக்ஸாண்டிரியா துறைமுகம், பாலங்கள், பள்ளிகள், 1870-இல் தேசிய நூலகம். கூடவே அரண்மனைகள். 1869 நவம்பர் 17 அன்று சூயஸ் திறப்புவிழாவுக்கு பிரெஞ்சுப் பேரரசி யூஜெனி வந்தார், ஆஸ்திரியப் பேரரசர் வந்தார். அதே மாதம் கெய்ரோவில் ஓபரா அரங்கு திறந்தது. வெர்டியின் 'அயீதா' முதன்முதலாக மேடையேறியது அங்கேதான், 1871 டிசம்பரில். எத்தியோப்பியா மீது படையெடுத்துத் தோற்ற செலவு தனி.

கால்வாய்க் கணக்கில் ஒரு வரியை மட்டும் சொல்லிவிடுகிறேன், நான் படித்துவிட்டுச் சிரித்த வரி அது. கால்வாய் வெட்ட எகிப்திய விவசாயிகளைக் கட்டாய வேலைக்கு ஓட்டிப்போனார்கள். எதிர்ப்பு வந்ததும் இஸ்மாயில் அதை நிறுத்த விரும்பினார். ஒப்பந்தத்தை மீறுகிறாய் என்றது கம்பெனி. நடுவராக உட்கார்ந்தவர் மூன்றாம் நெப்போலியன். 1864-இல் அவர், எகிப்து கம்பெனிக்கு 84 மில்லியன் பிராங்க் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அதில் 38 மில்லியன், தன் குடிமக்களைக் கட்டாய உழைப்பிலிருந்து விடுவித்ததற்கான அபராதம். அதற்கும் கடன்தான் வாங்க வேண்டியிருந்தது.

*

இனி வட்டிக் கணக்கு. இதைப் புரியவைக்க வடசென்னைத் தண்டல்தான் சிறந்த பாடப்புத்தகம். பத்தாயிரம் என்று நோட்டில் எழுதிக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வட்டி எவ்வளவு என்று கேட்டால் "வட்டியே கிடையாதுப்பா" என்பார்கள்.

லண்டனும் பாரீஸும் எகிப்துக்குச் செய்ததும் அதுவே, கோட்டு சூட்டு போட்டு. 1873 கடனின் முகமதிப்பு 32 மில்லியன் பவுண்டு, வட்டி 7 சதவீதம். தள்ளுபடி, தரகு எல்லாம் போக எகிப்துக்கு வந்து சேர்ந்தது ஏறத்தாழ 20 மில்லியன். வட்டி மட்டும் 32-க்கும் கட்ட வேண்டும், அதாவது ஆண்டுக்கு 2.24 மில்லியன். கைக்கு வந்த பணத்தோடு வகுத்துப் பாருங்கள், 11 சதவீதத்துக்கு மேல் வரும். அதோடு 32-ஐயும் திருப்பித் தர வேண்டும். இந்தப் பணத்திலும் பெரும்பகுதி பழைய குறுகியகாலக் கடனை அடைக்கவே போனது. எங்கள் தொழிலில் ஒரு பிழையைத் திருத்தப் போட்ட ஒட்டுக்கு மேல் இன்னொரு ஒட்டு போடுவோமே, அந்த மாதிரி.

ரயில் பாதையும் பாசனமும் லாபம் தராமல் இல்லை. ஆனால் அவை இருபது வருடத்தில் தரக்கூடிய லாபம், தவணையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சரி, வரி வசூலித்துக் கட்டலாமே? எகிப்தில் வாழ்ந்த ஐரோப்பியர்கள் பழைய சலுகை ஒப்பந்தங்களின் பாதுகாப்பில் பெரும்பாலான வரிகளைக் கட்டவில்லை. சுங்கத்தை இஷ்டத்துக்கு உயர்த்த முடியாது. பெரிய நிலக்கிழார்களின் நிலத்துக்குக் குறைந்த வரி. இஸ்மாயிலின் சொந்தப் பண்ணைக் கடனும் அரசாங்கக் கடனும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. எது ராஜாவின் பாக்கெட், எது கஜானா என்று ஒருவருக்கும் தெரியாது. 1871-இல் ஒரு சட்டம் போட்டார்கள்: ஆறு வருட நிலவரியை முன்கூட்டியே கட்டினால் அதன்பிறகு என்றென்றைக்கும் பாதி வரிதான். நாளைய வருமானத்தை இன்றைக்கே விற்பது. இவ்வளவும் போக மிச்சம் இருந்தது சிறு விவசாயி. அவனிடம் வசூலிக்க ஒரு கருவி இருந்தது, குர்பாஷ் என்ற நீர்யானைத் தோல் சாட்டை.

1875 அக்டோபரில் உதுமானிய அரசு தன் கடனில் கைவிரித்தது. அதோடு எகிப்துக்கும் புதுக்கடன் கிடைக்காமல் போனது. நவம்பரில் இஸ்மாயில் தன் சூயஸ் பங்குகளை விற்றார். ராத்ஸ்சைல்டிடம் கடன் வாங்கி டிஸ்ரேலி அவற்றை ஏறக்குறைய நான்கு மில்லியன் பவுண்டுக்கு பிரிட்டனுக்காக வாங்கினார். அந்தப் பங்குகளின் வட்டி உரிமையை எகிப்து 1894 வரைக்கும் முன்பே கம்பெனியிடம் இழந்திருந்தது. ஆகவே பங்கை விற்ற எகிப்தே, வாங்கிய பிரிட்டனுக்கு ஆண்டுதோறும் 5 சதவீதம் கட்டியது! அடுத்த ஏப்ரலில் எல்லாம் நின்றது. பதின்மூன்று ஆண்டுகளில் மூன்று மில்லியன் 91 மில்லியனாகியிருந்தது.

மே மாதம் கடன்காரர்களின் பிரதிநிதிகள் கெய்ரோவில் ஓர் அலுவலகம் திறந்தார்கள். குறிப்பிட்ட மாகாணங்களின் வரியும் சுங்கமும் நேராக அங்கே போகும். 1877-இல் சுமார் 9.5 மில்லியன் பவுண்டு வருவாயில் சுமார் 7.5 மில்லியன் கடனுக்கே போனது. அந்த ஆண்டு நைல் பெருகவில்லை. 1878-இல் மேல் எகிப்தில் பஞ்சம். அந்த மே மாதத் தவணையைத் தள்ளிப்போடலாமா என்ற பேச்சு வந்தபோது பிரான்ஸும் பிரிட்டனும் விடவில்லை. விளையப்போகும் பயிரை விவசாயி வயலில் இருக்கும்போதே விற்றான், தவணை முழுசாகக் கட்டப்பட்டது.

நைல் வற்றியதும் நம்மூரில் தாது வருஷப் பஞ்சம் வந்ததும் ஏறக்குறைய ஒரே காலத்தில். பசிபிக் கடல் சூடேறி மழைக்காற்றைக் குலைத்தது இரண்டுக்கும் பொதுவான காரணம். கெய்ரோவில் கடன்காரர்கள் சார்பில் உட்கார்ந்திருந்த ஈவ்லின் பேரிங், பிற்காலத்து க்ரோமர் பிரபு, அதற்குச் சற்று முன்புவரை கல்கத்தாவில் வைஸ்ராயின் செயலாளராக இருந்தவர்.

1879 ஜூன் 26 அன்று இஸ்தான்புல்லிலிருந்து ஒரு தந்தி வந்தது, 'முன்னாள் கெதிவ் இஸ்மாயிலுக்கு' என்று முகவரியிட்டு. தான் பதவியிழந்ததை அவர் அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

*

அதற்கு ஆறு வாரம் கழித்து, ஆகஸ்ட் 10 அன்று, டோக்கியோவில் ஒரு தோட்டத்து மாளிகையில் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இருபத்தாறு வயது மெய்ஜி பேரரசர். மற்றவர் உலகம் சுற்ற வந்திருந்த முன்னாள் அமெரிக்க அதிபர் யுலிசஸ் கிராண்ட். கிராண்ட் முந்தைய ஆண்டு எகிப்துக்குப் போய் இஸ்மாயிலைச் சந்தித்தவர். அவர் பேரரசருக்குச் சொன்ன முக்கியமான அறிவுரை, அந்நியரிடம் கடன் வாங்காதீர்கள், எகிப்தைப் பாருங்கள், துருக்கியைப் பாருங்கள் என்பது. (ஐந்து வருடத்தில் கிராண்டே ஒரு கூட்டாளியை நம்பி மொத்தமும் இழந்து திவாலானார். அறிவுரை தப்பாகிவிடாது.)

ஜப்பான் அதற்கு முன் இரண்டே முறைதான் லண்டனில் கடன் வாங்கியிருந்தது. 1870-இல் ஒரு மில்லியன் பவுண்டு, 9 சதவீதத்துக்கு, ரயிலுக்காக. டோக்கியோவின் ஷிம்பாஷியிலிருந்து யோகோஹாமாவுக்கு 29 கிலோமீட்டர் பாதை 1872-இல் திறந்தது. அந்தக் கடனை ஏற்பாடு செய்த லே என்ற இடைத்தரகர், ஜப்பானிடம் 12 சதவீதம் பேசிவிட்டு லண்டனில் 9-க்குத் திரட்டி நடுவில் மூன்றை எடுக்கப் பார்த்தார். ஜப்பானியர்கள் கண்டுபிடித்து ஆளை மாற்றினார்கள். அந்தக் கணக்கைச் சரிபார்க்க ஒரு ஆள் இருந்தான் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. இரண்டாவது கடன் 1873-இல், 2.4 மில்லியன், சாமுராய்களின் பரம்பரை மானியத்தைத் தீர்க்க. ஜப்பானின் சுங்கமும் சமமற்ற ஒப்பந்தங்களால் கட்டப்பட்டதுதான். ஆனால் அதே 1873-இல் நிலத்தை அளந்து, மதிப்புப் போட்டு, காசாக வரி வாங்கும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

1880-இல் சோதனை வந்தது. 1877 கலகத்தை அடக்க அச்சடித்த நோட்டுகளால் விலைவாசி ஏறிக்கிடந்தது. ஒகுமா என்ற மூத்த அமைச்சர், லண்டனில் 50 மில்லியன் யென் கடன் வாங்கி நோட்டுகளைத் திரும்பப் பெறலாம் என்றார். அமைச்சரவை இரண்டாகப் பிளந்தது. பேரரசர் கிராண்டின் பேச்சை நினைவுகூர்ந்து, வேண்டாம் என்றார்.

இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் அழகாக இருக்கும். எகிப்து கடன் வாங்கிக் கெட்டது, ஜப்பான் வாங்காமல் பிழைத்தது என்று அப்பாவிடம் சொன்னால் சந்தோஷப்படுவார். ஆனால் கடன் வாங்காததற்கும் ஒரு பில் வந்தது. அடுத்த நிதியமைச்சர் மாட்சுகாதா 1881 முதல் நோட்டுகளைச் சுருக்கினார், செலவை வெட்டினார். அரிசி விலை கிட்டத்தட்ட பாதியாக விழுந்தது. நிலவரியோ காசுக் கணக்கு, இறங்காது. லட்சக்கணக்கான சிறு விவசாயிகள் நிலத்தை இழந்து குத்தகைக்காரர்கள் ஆனார்கள். 1884-இல் சிசிபுவில் கடனில் மூழ்கிய விவசாயிகள் ஆயுதம் ஏந்தினார்கள். அரசாங்கம் படையை அனுப்பி அடக்கியது, தலைவர்களைத் தூக்கிலிட்டது. அரசு லண்டனில் வாங்காத கடனை, சிசிபுக்காரன் உள்ளூர் வட்டிக்கடையில் வாங்கினான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதே ஜப்பான் 1897-இல் தங்கத் தர நாணயத்துக்கு மாறியது. அதன்பின் தயங்காமல் கடன் வாங்கியது. 1904-05 ரஷ்யப் போருக்கு தகாஹாஷி லண்டனிலும் நியூயார்க்கிலும் பணம் திரட்டினார். முதலில் சுங்கத்தை ஈடுகாட்டி 6 சதவீதத்துக்கு, போரில் ஜெயிக்க ஜெயிக்க 4.5 சதவீதத்துக்கு. இது கடனால் வந்த நன்மையா? ஜப்பானியரைக் கேட்டால் ஒரு பதில், அந்தப் போரின் முடிவில் நாட்டையே இழந்த கொரியரைக் கேட்டால் வேறு பதில்.

என் தீர்ப்பு என்று ஒன்று இருந்தால் அது இதுதான்: எகிப்தைக் கவிழ்த்தது கடனின் அளவு மட்டும் இல்லை. கட்ட வேண்டியவனுக்கு வாங்கும்போது வாயில்லை என்பதே அடிப்படை. ஆனால் ஜப்பானிலும் 1880-இல் சிசிபு விவசாயியை யாரும் கேட்கவில்லையே என்று நீங்கள் மடக்கினால், என்னிடம் பதில் இல்லை. கணக்குப் பார்க்கும் அதிகாரிகள் ஜப்பானிடம் இருந்தார்கள், எகிப்திடம் இல்லை. அந்த வித்தியாசத்தில் ஒரு நாடு தன் சுதந்திரத்தைக் காப்பாற்றிக்கொண்டது, அவ்வளவு உறுதியாகச் சொல்வேன்.

*

எகிப்தில் அந்த வாயில்லாதவர்களுக்காகப் பேச ஒருவர் வந்தார். விவசாயக் குடும்பத்தில் பிறந்து ராணுவ அதிகாரியான அஹ்மத் உராபி. 'எகிப்து எகிப்தியருக்கே' என்ற முழக்கத்தோடு 1881-82-இல் அவர் தலைமையில் எழுச்சி நடந்தது. பிரிட்டன் அலெக்ஸாண்டிரியாவைக் குண்டுவீசித் தகர்த்தது. 1882 செப்டம்பரில் தெல் எல் கெபீரில் உராபி தோற்றார். அவரைத் தோற்கடித்த படையில் இந்தியாவிலிருந்து போன வீரர்களும் இருந்தார்கள், மதராஸ் சாப்பர்கள் உட்பட.

உராபியை நாடுகடத்தினார்கள். 1883 ஜனவரியில் கப்பல் அவரைக் கொழும்பில் இறக்கியது. பதினெட்டு ஆண்டுகள் இலங்கையில் இருந்தார், பிற்பகுதி கண்டியில். அங்கே அவரோடு நெருங்கிப் பழகியவர்களில் ஒருவர் 'முஸ்லிம் நேசன்' இதழை நடத்திய சித்திலெப்பை. எகிப்தில் பிறந்த நாயகனை வைத்து 1885-இல் 'அசன்பே சரித்திரம்' என்ற தமிழ் நாவலை எழுதியவர் அவரே.

இதை எழுதிவிட்டுக் கொழும்பு அண்ணனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. "உராபி பாஷான்ர வீடு கண்டியில மியூசியமா இருக்குதடா. நான் பேராதனையில படிக்கேக்க அந்தப் பக்கத்தால எத்தினை தரம் போயிருப்பன். ஆரோ அரபு நாட்டுப் பெரிய மனுசர் எண்டு நினைச்சனான். கடன் கதை எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல."