பெயர்ப் பட்டியலின் கதை

2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள் ஆழிப்பேரலை எமது கரைகளை அழித்த செய்தி எட்டியதும், டீட்டிகோனில் தமிழ்க் கடையொன்றின் நிலவறையில் இரவிரவாக உடுப்புப் பெட்டிகள் கட்டினோம். மட்டக்களப்பு வெயிலுக்கென்று நாம் கட்டிய பெட்டிகளுள் கம்பளிச் சட்டைகளும் இருந்தன! கொடுக்க மனம் இருந்தது; எந்த முகாமில் எவருக்கு எது தேவை என்ற தகவல்தான் இருக்கவில்லை.

இக்குறை எமக்கு மட்டும் உரியதன்று. இலங்கையில் 30,000 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர்; அம்பாறை மாவட்டமே ஆகக்கூடிய உயிர்களை இழந்தது. உலகெங்கிலுமிருந்து உதவி குவிந்தது. ஆயினும் எங்கே எது சென்றது, எங்கே செல்லவில்லை என்பதனை அறிவது அரிதாயிற்று. அவ்வேளை கொழும்பிலிருந்த கணினி நிறுவனங்களின் ஊழியர்களும் பல்கலைக்கழகத்தினரும் லங்கா மென்பொருள் மன்றத்தின் ஒருங்கிணைப்பில், ஊதியம் கருதாது உழைத்துச் சில வாரங்களுள் ஒரு மென்பொருளை ஆக்கினர். அதன் பெயர் சகானா. சிங்களத்தில் நிவாரணம் என்பது அதன் பொருள். காணாமற் போனோர், முகாம்கள், உதவும் அமைப்புகள், தேவைகள் ஆகியவற்றை அது பதிந்து வைத்தது. எவரும் இலவசமாகப் பெற்றுத் திருத்திக்கொள்ள வழி விட்டமையால், 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அது பயன்பட்டது.

ஆயினும் பட்டியல் என்றதும் எம்மவர் நெஞ்சு துணுக்குறுவது ஏன்? 1983 யூலையில் கொழும்பில் காடையர் வாக்காளர் பட்டியலைக் கையில் ஏந்தியே தமிழர் வீடுகளைத் தேடி வந்தனர். அன்று பெயர் எழுதப்பட்டிருந்தமையே எமக்கு வினையாயிற்று. இருபத்தொரு ஆண்டுகளின் பின், அதே தீவில், பெயர் எழுதப்படாதவர் உதவியின்றி விடப்படும் நிலை வந்தது.

ஆதலின், பெயர் கேட்டு வருவோரை வாசலோடு திருப்பி அனுப்புதலும் தவறு. கேளாமல் எல்லாவற்றையும் கொடுத்தலும் தவறு. எதற்காக எழுதுகிறீர்கள், யார் பார்ப்பர், தேவை முடிந்தபின் இதனை என்ன செய்வீர்கள் என மூன்று வினாக்களைக் கேட்கும் உரிமை அகதிக்கும் உண்டு. இதனை எம் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம்.

நாம் கொடுப்போராய் நிற்கும் வேளையில் எமக்கும் ஒரு கடமை உண்டு. இனியொரு முறை பெட்டி கட்ட நேரின், முதலில் ஒரு தாளை எடுப்போம். அங்குள்ளோரிடம் கேட்டு எழுதுவோம். அதன் பின்னரே பெட்டியைத் திறப்போம்.