தேசிக்காய் மணக்கும் இலை

இங்கே நம் வீட்டுத் தோட்டங்களில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வளரும் லெமன் மேர்ட்டில், குவீன்ஸ்லாந்து மழைக்காட்டு மரம். அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடிகள் அதன் இலையை உணவுக்கும் மருந்துக்கும் பயன்படுத்தி வந்தார்கள். தாவரவியல் ஏட்டிலோ அது ‘பக்ஹவுசியா’. 1832 முதல் 1838 வரை இந்நாட்டில் பயணம் செய்த ஆங்கிலேயர் ஜேம்ஸ் பக்ஹவுஸின் நினைவாக வைத்த பெயர்.

எலுமிச்சம்புல்லுக்கு மணம் தரும் சிட்ரால், இதன் எண்ணெயில் பொதுவாக நூற்றுக்கு 90க்கும் மேல். மீன் குழம்புக்கு ஓரிலை போதும், இறக்கும்போது போடுங்கள். அதிகம் கொதித்தால் மணம் போய்விடும்.

கணக்கேட்டில் யார் பெயரோ, அவருடையதாகிவிடுகிறது சொத்து. ஊர்ப் பெயர்கள் மாற்றப்பட்டதைக் கண்டவர்கள் நாம். இலையைக் கிள்ளும் பிள்ளைகளுக்கு, அது முதலில் யாருடைய இலை என்பதையும் சொல்லிக்கொடுப்போம்.