1995 தெற்காசியக் கூட்டமைப்பு விளையாட்டுப் போட்டிகளில் இந்தியா

ஏழாவது தெற்காசியக் கூட்டமைப்பு விளையாட்டுப் போட்டிகள் 1995 டிசம்பர் 18 முதல் 27 வரை சென்னையில் நடைபெற்றன. இந்தியா, பாக்கித்தான், வங்காளதேசம், இலங்கை, நேபாளம், பூட்டான், மாலைத்தீவுகள் ஆகிய ஏழு நாடுகள் பங்கேற்றன. போட்டிகளை நடத்திய இந்தியா 106 தங்கம், 60 வெள்ளி, 19 வெண்கலம் என 185 பதக்கங்களைப் பெற்று முதலிடம் பிடித்தது. ஒரே போட்டித் தொடரில் ஒரு நாடு நூறு தங்கத்தைத் தாண்டியது இதுவே முதல் முறை.

பின்னணி

1984இல் காட்மாண்டுவில் தொடங்கிய இப்போட்டிகளில் ஒவ்வொரு முறையும் இந்தியாவே முதலிடம் பெற்று வந்தது. ஆனால் அந்த முதலிடம் எப்போதும் ஒரே அளவில் இருந்ததில்லை. 1987இல் கொல்கத்தாவில் 91 தங்கம் வென்ற அணி, அடுத்து 1989இல் இசுலாமாபாத்தில் 61 தங்கத்துடன் திரும்பியது. 1991இல் கொழும்பில் இந்தியா 64 தங்கம் வென்றபோது, சொந்த மண்ணில் ஆடிய இலங்கை 44 தங்கம் வென்று நெருங்கி வந்தது. 1993இல் டாக்காவில் இந்தியாவின் கணக்கு 60. கபடியிலும் அந்த முறை தங்கம் பாக்கித்தானுக்குப் போனது. இந்திய இரசிகர்களுக்குத் தோல்வியைவிட அதுவே பெரிய அதிர்ச்சி எனலாம். ஆகவே சென்னைப் போட்டிகள் வெறும் சடங்காக இருக்கவில்லை.

அரங்குகள்

தொடக்க விழாவும் தடகளமும் புதுப்பித்துக் கட்டப்பட்டிருந்த நேரு விளையாட்டரங்கத்தில் நடந்தன. வளைகோல் பந்தாட்டத்துக்கு எழும்பூர் அரங்கம் இருந்தது. நீச்சலுக்குத்தான் புதிய இடம் தேவைப்பட்டது. அதற்காகத் தென்சென்னையில் வேளச்சேரி நீச்சல் வளாகம் கட்டப்பட்டது. வேளச்சேரி ஏரியும் பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் சூழ்ந்த அப்பகுதி அன்று நகரின் ஓரம். பறக்கும் தொடருந்து வேளச்சேரியை எட்டியது 2007இல்தான். 1995இல் தொடருந்தில் வருபவர்கள் கடற்கரை–தாம்பரம் தடத்தில் கிண்டியிலோ பரங்கிமலையிலோ இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டியிருந்தது.

முடிவுகள்

பதக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் பெற்ற இலங்கைக்கு 16 தங்கமே கிடைத்தது. பாக்கித்தானுக்கு 10, வங்காளதேசத்துக்கு 7, நேபாளத்துக்கு 4. மொத்தத் தங்கத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இந்தியாவுக்கு. வெண்கலக் கணக்கு இன்னும் தெளிவாகப் பேசுகிறது: இலங்கை 53 வெண்கலம் வென்ற இடத்தில் இந்தியாவுக்கு 19 மட்டுமே. இந்தியர்கள் வென்றவை பெரும்பாலும் முதல் இரண்டு இடங்கள்.

கபடித் தங்கம் திரும்பி வந்தது. வளைகோல் பந்தாட்டத்தில் இந்தியா பாக்கித்தானை வென்றது. காற்பந்து இறுதியில் வங்காளதேசத்தை 1–0 எனத் தோற்கடித்தது. வங்காளதேசம் இப்போட்டிகளின் காற்பந்து இறுதியில் தோற்றது அது நான்காவது முறை. 1999இல் காட்மாண்டுவில்தான் அவர்களுக்கு முதல் தங்கம் கிட்டியது.

ஆனால் சென்னையில் நிகழ்ந்தவற்றுள் காலத்தால் நின்றது பெண்கள் 800 மீட்டர் ஓட்டத்தில் பதிவான ஒரு நேரம். சைனி வில்சன் 1 நிமிடம் 59.85 நொடிகளில் ஓடி, அத்தொலைவை இரண்டு நிமிடத்துக்குள் கடந்த முதல் இந்தியப் பெண் ஆனார். 1984 லாசு ஏஞ்சலசு ஒலிம்பிக்கில் அரையிறுதி வரை சென்ற அவருக்கு அப்போது வயது 30. ஓட்டவாழ்வின் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தார். அந்தத் தேசிய சாதனையை 2010இல் டின்டு லூகா 1:59.17 என்ற நேரத்தில் முறியடிக்கப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. 106 தங்கங்களில் பலவற்றை இன்று பெயர் சொல்லி நினைவுகூர்வார் இல்லை. இந்த நேரத்தைத் தடகள ஆர்வலர்கள் இன்றும் சொல்வார்கள்.

மதிப்பீடு

இத்தனை பதக்கங்கள் இந்திய விளையாட்டின் உண்மையான நிலையைக் காட்டினவா? ஓராண்டுக்கு முன் 1994இல் ஹிரோசிமா ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியா வென்ற தங்கம் 4. சென்னைப் போட்டிகள் முடிந்து ஏழு மாதம் கழித்து அட்லாண்டா ஒலிம்பிக்கில் கிடைத்தது லியாண்டர் பயசின் ஒரே வெண்கலம். சீனா, சப்பான், தென்கொரியா இல்லாத களத்தில் மக்கள்தொகையாலும் பயிற்சி வசதியாலும் மிகப்பெரிய நாடு முன்னிற்பது வியப்பில்லை. அதே சமயம், சிறிய அண்டை நாடுகளின் வீரர்களுக்குப் பன்னாட்டுப் போட்டி அனுபவம் தந்த களம் இது என்பதையும் மறுக்க முடியாது.

பிற்காலம்

2004 முதல் இப்போட்டிகள் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் என அழைக்கப்படுகின்றன. 2019இல் நேபாளத்தில் இந்தியா 174 தங்கத்துடன் 312 பதக்கங்கள் பெற்றது. சென்னைக்கு இத்தொடர் மீண்டும் வரவில்லை. எனினும் 2024 செப்டம்பரில் தெற்காசிய இளையோர் தடகளப் போட்டி அதே நேரு அரங்கில் நடந்தது. இந்தியா 21 தங்கம், 22 வெள்ளி, 5 வெண்கலம் வென்றது. வேளச்சேரி நீச்சல் வளாகம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பில் இயங்குகிறது. தென்புறநகர்ப் பிள்ளைகள் அங்கு நீச்சல் பழகுகிறார்கள்.