புழுக்கையில் முட்டை எண்ணிய கதை

புத்தூர் என்றதும் மாசி மாதத்துக் குட்டி குடித் திருவிழாவை நினைக்காத திருச்சிக்காரர் உண்டா? குழுமாயி அம்மன் கோயில், உய்யக்கொண்டான் கரை, ஆட்டுக்குட்டிகள் எல்லாம் சேர்ந்ததுதான் நம் ஊரின் அடையாளம். ஆனால் ஆண்டு முழுவதும், யார் கண்ணிலும் படாமல் ஆட்டின் ரத்தத்தைக் குடிக்கிற ஒரு புழுவைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

அதன் பெயர் ஹீமாங்கஸ். 2, 3 சென்டிமீட்டர் நீளம்தான். ரத்தம் நிறைந்த சிவப்புக் குடலை வெள்ளைக் கருப்பை சுற்றியிருப்பதால், சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கிய நூல் போல இருக்கும். ஆட்டின் நான்காம் இரைப்பைதான் அதற்கு வீடு. ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தத்தை வீணாக்கும். அற்பம்தானே என்று தோன்றும். 1,000 புழு இருந்தால் 50 மில்லி. 20 கிலோ ஆட்டின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஒன்றேகால் லிட்டர் அளவுதான். கணக்கு எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை.

நம் ஜில்லாவின் பெயரையே தாங்கிய செம்மறி இனம் ஒன்று உண்டு: திருச்சி கருங்குறும்பை. கறுத்த உடம்பு, முரட்டு ரோமம். அந்தக் காலத்தில் கம்பளி நெய்ய உதவிய ஆடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் புல் தழைக்கும்போது ஆடுகளுக்குக் கொண்டாட்டம், புழுவுக்கும் கொண்டாட்டம். ஒரு பெண்புழு தினமும் 5,000 முட்டைக்கு மேல் இடும். அது புழுக்கையோடு வெளியே வந்து, ஈரமும் வெப்பமும் கிடைத்தால் ஒரு வாரத்துக்குள் புல் நுனியில் ஏறிக் காத்திருக்கும். "மேயுது, ஆனா தேறலை" என்று கீதாரிகள் சொல்வது பெரும்பாலும் இந்த நிலையைத்தான். எடை ஏறாது, தாய்க்குப் பால் வற்றும், குட்டி நோஞ்சானாகும். முற்றினால் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும்.

முன்பெல்லாம் மயில்துத்தக் கரைசலைப் புகட்டுவார்கள். அளவு சற்றுக் கூடினால் புழுவோடு ஆடும் போய்விடும். செம்பு, செம்மறிக்கு அவ்வளவு ஆகாது.

எந்த ஆட்டுக்கு எவ்வளவு புழு என்பதை அறுத்துப் பார்க்காமல் அறிய வழி சொன்னவர்கள் ஆஸ்திரேலியாவின் கார்டனும் விட்லாக்கும். ஆண்டு 1939. அவர்கள் பணியாற்றிய சிட்னி ஆய்வகம், மக்மாஸ்டர் என்ற செம்மறிப் பண்ணையாளரின் நன்கொடையில் எழுந்தது. அதனால் முறைக்கும் மக்மாஸ்டர் என்றே பெயர். இன்று வழக்கத்தில் உள்ள கணக்கு எளிமையானது. 3 கிராம் புழுக்கையை 42 மில்லி உப்புக் கரைசலில் கரைத்து வடிகட்ட வேண்டும். உப்பு நீரில் முட்டைகள் மிதந்து மேலே வரும். கட்டம் போட்ட கண்ணாடிச் சில்லின் இரண்டு அறைகளிலும் சேர்த்து 0.3 மில்லி நிரப்பி, நுண்ணோக்கியில் எண்ணி, 50ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு இத்தனை முட்டை என்று தெரிந்துவிடும்.

பிறகு நல்ல மருந்துகள் வந்தன. 1961இல் தயாபெண்டசோல் வந்ததும் புழுவின் கதை முடிந்தது என்றே நினைத்தார்கள். மூன்றே ஆண்டில் அதற்கு அடங்காத புழுக்கள் தென்பட்டன. நம் நாட்டிலும் 1976லேயே அப்படிப்பட்ட ஹீமாங்கஸ் பற்றிய குறிப்பு வெளியானது. காரணம் எளிது: தேவை இருக்கிறதோ இல்லையோ, மந்தை முழுவதற்கும் அதே மருந்தைத் திரும்பத் திரும்பப் புகட்டினால், பிழைத்த புழுவே பெருகும். அடுத்த தலைமுறைப் புழு அதன் பிள்ளைதானே!

இதற்குத் தென்னாப்பிரிக்கர்கள் 1990களில் ஒரு சிக்கனமான வழி கண்டார்கள். ஆட்டின் கீழ் இமையைத் திருப்பி, உள்நிறத்தை ஐந்து நிறங்கள் கொண்ட அட்டையோடு ஒப்பிட வேண்டும். சிவந்திருந்தால் மருந்து வேண்டாம். வெளுத்திருந்தால் மட்டும் கொடு. அட்டையின் பெயர் ஃபமாச்சா. ரத்தம் குடிக்கும் புழுவுக்கு மட்டுமே இது பொருந்தும். மற்றவற்றுக்குப் புழுக்கைப் பரிசோதனைதான் கதி.

2011இல் விலையில்லா ஆடு வழங்கும் திட்டம் தொடங்கியபோது ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆடுகள் கொடுத்தார்கள். அதில் ஒன்று செத்தால் சொத்தில் கால் பங்கு போயிற்று. அந்த வீட்டுக்காரம்மா மருந்துக் கடைக்கு ஓடுமுன், ஒரு கைப்பிடி புதுப் புழுக்கையைப் பொட்டலம் கட்டிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால், மருந்துச் செலவும் மிஞ்சும், ஆடும் மிஞ்சும். ஆடு வளர்க்கும் உறவினர் கிராமத்தில் யாருக்காவது இருந்தால், இதை மட்டும் மறக்காமல் சொல்லி வையுங்கள்.